இறந்த இடம்னு ஒரு கட்டம்

தம்பி, அந்தப் போன்ல நீலமா ஒரு புள்ளி நவுருதே, அது நாமதானா? பாத்தீங்களா, நம்ம பஸ்சு ரோட்டுல போவுது, புள்ளி குளத்துக்குள்ள போவுது. சிரிக்காதீங்க. முப்பது அடி, நாப்பது அடி தள்ளித்தான் காட்டும். உங்களுக்கு அது பெரிசில்ல, ஊரு வந்துச்சா வரலையான்னு தெரிஞ்சா போதும். நான் முப்பத்தொரு வருசம் சர்வேயரா இருந்தவன். எங்க சோலியில நாப்பது அடி தள்ளிப் போச்சுன்னா ரெண்டு குடும்பம் வெட்டிக்கிட்டுச் சாவும்.

நீங்க பஸ் ஸ்டாண்டுக்கா? சரி. நான் அதுக்கு முந்தி, பெரிய ஆபீஸ் ஸ்டாப்புல இறங்கணும். ஒரு திருத்த மனு குடுக்கணும். இந்தப் பையிலதான் இருக்கு. இறப்புச் சான்றிதழ்ல ஒரு தப்பு விழுந்திருக்கு. எம் மவன் சான்றிதழ்.

ஐயோ, நீங்க ஏன் மூஞ்சியத் தொங்கப் போடுதீங்க? ஒம்பது வருசம் ஆச்சு. எனக்கு ஒண்ணும் இல்ல. சோறு எறங்குது, தூக்கம் வருது. அழலையான்னு கேட்டாவ, அழல. அன்னைக்கும் அழல, பொறவும் அழல. கல்லு மாதிரி இருக்காருன்னு எங்க வீட்டுக்காரி சொல்லுவா. சொல்லட்டும். வீட்டுல ஒருத்தராவது பேப்பரு பாக்க வேண்டாமா?

அவன் பேரு கோமதிநாயகம். எங்க அப்பா பேரு. கப்பல்ல இன்ஜின் ரூம்ல ஆயிலர் வேல, மிஷினுக்கு எண்ணெய் போடுதது. கல்யாணம் முடிஞ்சு பதினோராவது மாசம், ரெண்டாவது தடவையா கப்பல் ஏறுனான். பினாங்குல இருந்து கொழும்புக்கு வந்துக்கிட்டிருந்த கப்பலு. பகல் ஒண்ணு நாப்பதுக்குச் சாப்பிட்டு, தட்டைக் கழுவி வச்சிட்டு மேல போயிருக்கான். சமையக்காரரு பாத்திருக்காரு. சாயங்காலம் அஞ்சே முக்காலுக்கு டீக்கு வரல. தேடுனாவ. இல்ல. கப்பலத் திருப்பி ரெண்டு நாளு தேடுனாவ. இல்ல. அவ்வளவுதான் கதை.

கால் தவறி விழுந்தானா, வேற எதாச்சுமா, யாரும் கூட இருந்தாவளா, அதெல்லாம் நான் கேக்கல. கேக்கத் தோணல. கம்பெனியில இருந்து போன் வந்ததும் நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். கப்பல் இருந்த பொசிஷன் சொல்லுங்கன்னேன். பேசுனவரு தாளைத் தேடி எடுத்தாரு. பொறவு சொன்னாரு. ஒண்ணு நாப்பதுக்கு வடக்கு ஆறு டிகிரி ரெண்டு நிமிஷம், கிழக்கு எம்பத்தெட்டு டிகிரி பதினாலு நிமிஷம். அஞ்சே முக்காலுக்கு வடக்கு அஞ்சு அம்பத்தெட்டு, கிழக்கு எம்பத்தேழு இருபத்திரெண்டு. பாக்காமச் சொல்லுதேன், சரியா இருக்கும். காலண்டர் தாளு பின்பக்கம் எழுதிக்கிட்டேன். அந்தத் தாளு இன்னும் இருக்கு.

இப்ப விஷயத்துக்கு வாறேன். ஆளு காணாமப் போயி ஏழு வருசம் ஆனாத்தான் செத்ததா எடுத்துக்கிடுவாங்க. ஏழு வருசம் காத்திருந்தோம். பொறவு கோர்ட்டுக்கு ஒரு வருசம். ஆர்டர் வந்துட்டு. அதக் கொண்டுபோயி எங்க ஊரு ஆபீஸ்ல குடுத்தா சான்றிதழ் போட்டுக் குடுப்பாங்க. ஒரு வாரத்துச் சோலி. அங்க ஒரு பிள்ள இருக்கு, நல்ல பிள்ள, குறை சொல்லக் கூடாது. கம்ப்யூட்டர்ல அடிச்சு ஒரு நகல் எடுத்துக் குடுக்கும், நாம படிச்சுப் பாத்து, எல்லாம் சரின்னு கையெழுத்துப் போடணும். மனு போட்டது நான், அதனால கையெழுத்தும் நான்தான்.

பேரு சரி. அப்பா பேரு சரி. தேதி சரி. இறந்த இடம்னு ஒரு கட்டம் இருக்கு பாத்துக்கிடுங்க. அதுல சென்னைன்னு போட்டிருக்கு. ஏட்டி, அவன் சென்னையில எங்க செத்தான்னு கேட்டேன். கம்பெனி விலாசம் சென்னைதானே அய்யான்னு சொல்லுது. கம்பெனியா செத்துச்சு? நான் கையெழுத்துப் போடல.

ரெண்டாவது தடவை, வங்காள விரிகுடான்னு அடிச்சுக் குடுத்துச்சு. நான் கேட்டேன், வங்காள விரிகுடா எங்க முடியுது, இந்து மகா சமுத்திரம் எங்க ஆரம்பிக்குதுன்னு. அந்தப் பிள்ள முழிக்கி. நான் மேப்பு வச்சிருந்தேன். ரெண்டுக்கும் எல்லைன்னு ஒரு கோடு போட்டிருக்கான், இலங்கைத் தெக்குமூலைக்கும் சுமத்ராவுக்கும் நடுவுல. கப்பலு அந்தக் கோட்டுக்குப் பத்து மைலு வடக்க போயிருக்கு. நீரோட்டம் இழுத்திருந்தா ஆளு கோட்டுக்கு அங்கிட்டு. இழுக்கலைன்னா இங்கிட்டு. தெரியாமக் கையெழுத்துப் போடச் சொல்லுதியான்னு கேட்டேன். போடல.

மூணாவது தடவை பாவம், எங்கேயோ கேட்டு, மேல ஆபீஸர் கிட்ட எல்லாம் பேசி, டிகிரி நிமிஷத்தோட அடிச்சு வச்சிருந்துச்சு. அஞ்சு அம்பத்தெட்டு, எம்பத்தேழு இருபத்திரெண்டு. இப்ப சந்தோசம்தானே அய்யான்னு கேக்கு. நான் சொன்னேன், இது அவன் டீக்கு வராத நேரத்துல கப்பல் இருந்த இடம். அதாவது அவன் இல்லாத இடம். ஒண்ணு நாப்பதுக்குச் சொன்னது அவன் உசிரோட இருந்த இடம். இது ரெண்டும் இறந்த இடம் ஆவாது. அந்த ரெண்டுக்கும் நடுவுல தொண்ணூத்தாறு கிலோமீட்டர் இருக்கு. நம்ம ஊருல இருந்து மதுரைக்குப் பாதி தூரத்துக்கும் மேல. அதுல எங்கன்னு கேட்டா ஒருத்தனுக்கும் பதில் தெரியல.

இப்படியே ஒரு வருசமும் ரெண்டு மாசமும் போச்சு. நீங்க சொல்லுங்க, நான் செஞ்சது தப்பா? ஊருக்கெல்லாம் ஒரு எல்லைக்கல்லு தள்ளாம அளந்து குடுத்துட்டு, பெத்த பிள்ளைக்குக் குத்துமதிப்பா எழுதச் சொன்னா எப்படி?

அளவுன்னா ஆரம்பம் ஒண்ணு வேணும் தம்பி. ஒரு தடவை வாழைத் தோட்டம் ஒண்ணு, ரெண்டு பங்காளிக்குச் சண்டை. நாலு நாளு நின்னு அளந்தேன். மூணு மாசம் கழிச்சுத்தான் தெரியுது, நான் எந்தக் கல்லுல இருந்து ஆரம்பிச்சேனோ அந்தக் கல்லையே ஒரு பய பிடுங்கி ஆறடி தள்ளி நட்டிருக்கான். என் அளவுல ஒரு அங்குலம் பிழை கெடையாது. ஆனா அம்புட்டும் தப்பு. அன்னையில இருந்து மூணு கல்லு ஒண்ணுக்கொண்ணு சரியா வந்தாத்தான் டேப்பை விரிப்பேன்.

கடல்ல எங்க போயிக் கல்லு பாக்க? அதான், பைபாஸ் ரோட்டுக்கு சாட்டிலைட் மிஷின் வச்சு அளக்க வந்த ஒரு மேடம் கிட்டப் போனேன். காலண்டர் தாளை நீட்டி, இந்த நம்பரு எங்க இருந்து எண்ணுனதுன்னு கேட்டேன். அந்தம்மா பொறுமையாத்தான் சொன்னாவ. நம்ம நாட்டுப் பழைய மேப்புக்கு ஆரம்பம் வடக்க எங்கேயோ ஒரு மலையில, சாட்டிலைட்டுக்கு ஆரம்பம் பூமிக்கு நட்டநடு மையத்துல. ஒரே நம்பரை ரெண்டுலயும் வச்சுப் பாத்தா நூறு மீட்டருக்கு மேலயும் தள்ளிப் போவும்னாவ. சரி, பூமி மையத்தையே வச்சுக்கிடுவோம்னேன். அப்பவும் நிலம் நிக்காதாம். நம்ம நாடே வருசத்துக்கு ரெண்டு அங்குலம் வடகிழக்க நவுருதாம். ஒம்பது வருசத்துல ஒண்ணரை அடி. எங்க வீடும், கெணறும், நான் நட்ட கல்லும் ஒண்ணரை அடி போயிருக்கு, எவனுக்கும் தெரியல.

அப்ப நவுராம நிக்கது எதுன்னு கேட்டேன். பூமி சுத்துது, சூரியனும் சும்மா இருக்கல, அதுவும் நட்சத்திரக் கூட்டத்தோட ஓடுது. எதையாவது ஒண்ணை நிக்குதுன்னு நாமளே வச்சுக்கிட்டு அங்க இருந்து எண்ண வேண்டியதுதான் சார், எல்லாருக்கும் பொதுவா ஒரு கல்லு எங்கயும் கெடையாதுன்னாவ. நான் தாளை மடிச்சு வச்சிட்டு வந்துட்டேன். வர்ற வழியில வடை சாப்பிட்டேன். நல்லா இருந்துச்சு.

வீட்டுக்காரி என்ன செஞ்சா தெரியுமா? எனக்குச் சொல்லாம திருச்செந்தூருக்குப் போயி, கடல்ல முங்கி, அவனுக்குச் செய்ய வேண்டியதச் செஞ்சிட்டு வந்துட்டா. கேட்டா, கடலு எல்லாம் ஒண்ணுதானேங்கா. அப்ப நிலமும் எல்லாம் ஒண்ணுதான், பட்டா எதுக்குன்னு கேட்டேன். அன்னையில இருந்து எங்கிட்டப் பேச்சு கொறஞ்சு போச்சு.

மருமவளா? இருக்கா. எங்க வீட்டுலதான் இருக்கா. ஆவுடைச்செல்வின்னு பேரு. பாலிடெக்னிக் ஆபீஸ்ல வேல பாக்கா. இருபத்துநாலு வயசுல வந்தா, இப்ப முப்பத்துநாலு. நல்ல பிள்ள. என்னைய ஒரு வார்த்தை எதுத்துப் பேசினதில்ல. அவ கூட வேல பாக்குதவரு ஒருத்தரு, தர்மக்கண்ணுன்னு பேரு, லேப்புல இருக்காரு. ரெண்டு வருசமா அவளைக் கட்டிக்கிடுதேன்னு நிக்காரு. சான்றிதழ் இல்லாம ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பதிய மாட்டாங்க. அவ அண்ணன் கூத்தலிங்கம் ரெண்டு தடவை வந்து கேட்டான். மாமா, அந்தக் கையெழுத்து ஒண்ணப் போட்டுக் குடுத்துருங்கன்னான். நான் மறிக்கவே இல்லையே தம்பி! நல்லா இருக்கட்டும்னுதான் நானும் நினைக்கேன். சரியான பேப்பரா வாங்கிக் குடுக்கணும்னு பாத்தேன். நாளப்பின்ன ஒரு கேள்வி வந்தா அவதானே பதில் சொல்லணும்?

போன திங்கக்கிழமை நான் மேப்பு விரிச்சுக்கிட்டிருக்கேன், அவ வந்து ஒரு தாளை அது மேல வச்சா. சான்றிதழ். கோபுர முத்திரை, கையெழுத்து, எல்லாம் போட்டு. அவளே ஆபீஸ் போயிருக்கா. பொஞ்சாதி நானே மனு போடலாமான்னு கேட்டிருக்கா. தாராளமா போடலாமே, ஒரு வருசமா ஏன் போடலன்னு அந்தப் பிள்ள கேட்டுச்சாம். மாமா மனசு சங்கடப்படும்னு இருந்தேன்னு சொல்லியிருக்கா. எனக்கு என்ன சங்கடம்?

இறந்த இடம்ங்கிற கட்டத்துல என்ன போட்டிருக்கு தெரியுமா? எங்க வீட்டு விலாசம். கதவு எண்ணு, தெரு, ஸ்ரீவைகுண்டம். ஆயிரத்து நூறு கிலோமீட்டர் தப்பு! என் சர்வீஸ்ல இப்படி ஒரு தப்பை நான் பாத்ததில்ல. ஏட்டி, வாய் கூசாமப் பொய் சொன்னியான்னு கத்திட்டேன். அப்படி நான் கத்த மாட்டேன், அன்னைக்குக் கத்திட்டேன்.

அவ கத்தல. அடுக்களை வாசலைக் காட்டுனா. மாமா, கடல்ல அவரு எங்க போனாருன்னு எனக்குத் தெரியாது, எனக்கு அவரு போனது இந்த இடத்துலதான்னா. அன்னைக்குப் போன் வந்துச்சு, யாரு மாமான்னு கேட்டேன், நீங்க திரும்பிப் பாக்காம, பென்சிலு எடுன்னீங்க. எடுத்துக் குடுத்தேன். நீங்க நம்பரு எழுதுனதப் பாத்துக்கிட்டே நின்னேன். டிகிரி, நிமிஷம்னு எழுதுனீங்க. அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது. யாரும் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. ஒம்பது வருசமா பஸ்சுல போனாலும், ஆபீஸ்ல உக்காந்தாலும், நான் அங்கனயேதான் மாமா நிக்கேன்னு சொன்னா.

நான் சொன்னேன், நீ இப்ப வராண்டாவுலல்லா நிக்கன்னு.

அவ என்னைய ஒரு மாதிரி பாத்தா. உள்ள போயிட்டா. நான் சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்லையே, வராண்டாவுலதான் நின்னா.

மறுநாளு பொம்பளைங்க ரெண்டு பேரும் வீட்டுல இல்ல. டேப்பை எடுத்தேன். அவ காட்டுன இடம், கிழக்குச் சுவர்ல இருந்து பத்தடி நாலங்குலம், வடக்குச் சுவர்ல இருந்து ஏழடி. அடுக்களை நிலைக்கு இந்தப் பக்கம். எதுக்கு அளந்தேன்னு கேக்காதீங்க. அளந்தேன். மூணு தடவை அளந்தேன், மூணும் ஒண்ணுபோல வந்துச்சு. கொஞ்ச நேரம் அங்கனயே நின்னு பாத்தேன். அங்க நின்னா போன் இருக்க மேசையும், உக்காந்து எழுதுதவன் முதுகும்தான் தெரியும். மூஞ்சி தெரியாது. அது எனக்கு அதுவரைக்கும் தெரியாது பாத்துக்கிடுங்க.

பொறவு உக்காந்து இந்தத் திருத்த மனுவ எழுதுனேன். மூணு நாளா எழுதுதேன். இத நீட்டுனா, விசாரணை முடியுத வரைக்கும் சான்றிதழ நிறுத்தி வச்சிருவாங்களாம். அந்தப் பிள்ளதான் போன்ல சொல்லிச்சு, சொல்லும்போது குரலு ஒரு மாதிரி இருந்துச்சு. நாளைக்குக் காலைல பத்தரைக்கு அவளுக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ். ஒரு மாசத்துக்கு முந்தியே நோட்டீஸ் குடுத்து வச்சிருக்கா, சான்றிதழப் பதியுத அன்னைக்குக் காட்டணும். நான் இன்னைக்குக் குடுத்தா நாளைக்கு நடக்காது. அது எனக்கும் தெரியும். ஆனா தப்பத் தப்புன்னு சொல்லாம இருக்க முடியுமா?

மனுவுல ரெண்டு வரி இருக்கு. பதிவாகியுள்ள இடம், அதுல எங்க விலாசம் எழுதிட்டேன். சரியான இடம், அதுல இன்னும் ஒண்ணும் எழுதல. பஸ்சுல வரும்போது எழுதிக்கிடலாம்னு வந்தேன். தொண்ணூத்தாறு கிலோமீட்டர்ல ஒரு புள்ளி. பென்சில வச்சேன்னா முடிஞ்சு போச்சு. வைக்க வரமாட்டேங்கு. அதுல எங்கயாவது இருப்பான்னு ஒரு இது. இருப்பான்னு சொல்லுதேன் பாருங்க, கிறுக்குப் பிடிச்ச கோட்டிக்காரன் மாதிரி. புள்ளி வைக்காத வரைக்கும் அவன் சாப்பிட்டுட்டுத் தட்டக் கழுவி வச்சிட்டு மேல போயிக்கிட்டே இருக்கான். எனக்கு அது போதும் தம்பி. ஒம்பது வருசமா எனக்கு அது போதுமா இருந்துச்சு.

இன்னைக்கு மத்தியானம் கெளம்பும்போது அவ வெளிய துணி காயப் போட்டுக்கிட்டிருந்தா. எங்க போறேன்னு தெரியும். பையைப் பாத்தா. அடுக்களைப் பக்கம் திரும்பி அவ அத்தை கிட்ட, எங்க வீட்டுக்காரிகிட்டத்தான், சொன்னா: மூணு பேரு சாட்சிக் கையெழுத்துப் போடணும் அத்தை, அண்ணன் இருக்கான், லேப்புல அவரு கூட இருக்க ஒருத்தரு வாறாரு, மூணாவதா, ஆபீஸ்ல எங்கூட இருக்க அக்கா வாறேன்னாவ, அவங்க பிள்ளைக்குக் காய்ச்சலாம். இனிமே யாரைப் பிடிக்கன்னு தெரியலன்னா. எங்கிட்டச் சொல்லல. எங்கிட்ட எப்படிச் சொல்லுவா? வீட்டுக்காரி அடுக்களை வாசலுக்கு வந்தா. என்னைய மட்டும் பாத்தா. ரொம்ப நாளைக்கு அப்புறம் நேரா என் மூஞ்சியப் பாத்தா. நான் செருப்ப மாட்டிக்கிட்டு வந்துட்டேன்.

என்ன சொல்லுதாரு கண்டக்டரு? பெரிய ஆபீஸா? கேட்டுச்சு, கேட்டுச்சு. நீங்க எந்திரிக்காதீங்க தம்பி. உக்காருங்க. வழி விட வேண்டாம். சும்மா உக்காருங்கன்னா.

போவட்டும்.

இல்ல, மறக்கல. முப்பத்தொரு வருசம் ஊரு ஊரா இறங்குனவனுக்கு இறங்க வேண்டிய இடம் தெரியாதா? பஸ் ஸ்டாண்டுல இறங்கி ஆட்டோ பிடிச்சு வந்தாலும் அஞ்சே முக்கால் ஆயிரும், ஆபீஸ் பூட்டிருவான். நாளைக்குப் பத்து மணிக்குத் திறப்பான். பத்தரைக்குள்ள அரை மணி நேரம் இருக்கு, குடுக்கணும்னா குடுக்கலாம்.

வேண்டாம்.

கண்ணுல தூசி ஒண்ணும் இல்ல தம்பி. விடுங்க, தன்னால நிக்கும். எம் பிள்ள போயிட்டான், அதான். மருமவப் பிள்ளையாவது நல்லா இருக்கட்டும்.

உங்களுக்குத் தெரியுமா, இந்த மாதிரி கல்யாணத்துக்குச் சாட்சியா வாறவங்க என்ன கொண்டு போவணும்? ஆதார் கார்டு இருக்கு. போட்டோ ரெண்டு எடுத்துக்கிடுதேன், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஸ்டுடியோ இருக்குமா? நான் இதுக்கெல்லாம் போனதே இல்ல. போயி, இந்தாம்மா மூணாவது ஆளு நான்தான்னு சொன்னா வேண்டாம்னு சொல்லிருவாளோன்னு ஒரு பயம். சொல்ல மாட்டா. நல்ல பிள்ள. கையெழுத்துப் போடுத இடத்த அவங்களே காட்டுவாங்கல்லா? எங்கன நிக்கணும்னும் சொல்லுவாங்கல்லா?